மனநலிவுற்றவரின் ஒப்புதல் வாக்குமூலம்: நீதிமன்றம் எதைக் கேட்க வேண்டும்?

அறிவுசார் குறைபாடோ மனநோயோ உள்ள ஒருவர் காவல் விசாரணையில் "நான்தான் செய்தேன்" என்று சொல்லியிருந்தால் அந்த வாக்குமூலத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்கலாமா, அல்லது அத்தகையோரின் ஒப்புதல்கள் அனைத்தையும் ஒட்டுமொத்தமாகத் தள்ளிவிட வேண்டுமா என்பது கேள்வி. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒட்டுமொத்தமாகத் தள்ளுவது தவறு. ஆனால் காவலர்கள் அடித்தார்களா, மிரட்டினார்களா என்பதை மட்டும் பார்த்துவிட்டு, "இல்லை" என்று தெரிந்தவுடன் வாக்குமூலத்தை உள்ளே அனுமதிப்பது அதைவிடப் பெரிய தவறு. சொல்லப்பட்ட பதிலைக் கேட்பதற்கு முன், அந்தப் பதிலை வரவழைத்த கேள்விகளை நீதிபதி முழுமையாகக் கேட்டாக வேண்டும். அவற்றைக் கேட்க வழியில்லாத இடத்தில் அந்தப் பதிலுக்கு நீதிமன்றத்தில் இடம் இருக்கக் கூடாது. மனநலிவுற்றவர் என்று நான் இங்கே குறிப்பிடுவது அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்கள், கடுமையான மனநோய்க்கு ஆளானவர்கள் ஆகிய இரு சாராரையும் சேர்த்துத்தான். ஆனால் இவர்கள் பொய்யாக ஒப்புக்கொள்ளும் விதம் ஒன்றல்ல என்பதைப் பின்னால் விளக்குகிறேன்.

இதைச் சட்டக் கோட்பாட்டிலிருந்து தொடங்குவதைவிட ஒரு மனிதரிடமிருந்து தொடங்குவதே நல்லது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் கல்பெப்பர் என்ற ஊரில் 1982ஆம் ஆண்டு ஓர் இளம் பெண் தம் வீட்டிலேயே பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். ஏறத்தாழ ஓராண்டு கழித்து, வேறொரு குற்றத்துக்காகக் கைது செய்யப்பட்ட ஏர்ல் வாஷிங்டன் என்ற பண்ணைத் தொழிலாளியிடம் காவலர்கள் இரண்டு நாள்கள் விசாரணை நடத்தினார்கள். அவருடைய நுண்ணறிவு ஈவு (ஐ.கியூ.) ஏறத்தாழ 69. தம்மிடம் கேட்கப்பட்ட ஒவ்வொரு குற்றத்தையும் அவர் ஒப்புக்கொண்டார். அவர் ஒப்புக்கொண்டவற்றுள் பல, பாதிக்கப்பட்டவர்களே "இவர் அந்த ஆள் இல்லை" என்று சொன்னதாலும் மற்றச் சான்றுகளோடு பொருந்தாததாலும் கைவிடப்பட்டன. கல்பெப்பர் கொலை மட்டும் கைவிடப்படவில்லை.

அந்தக் கொலையைப் பற்றி அவர் சொன்னவற்றைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இறந்தவர் கறுப்பினப் பெண் என்றார், அவர் வெள்ளையினத்தவர். ஓரிரு முறை குத்தியதாகச் சொன்னார். உடலில் இருந்தவை 38 குத்துகள். வீட்டில் வேறு யாரும் இல்லை என்றார். அந்தப் பெண்ணின் சிறு குழந்தைகள் அங்கே இருந்தார்கள். கொலை நடந்த வீட்டை அடையாளம் காட்ட அழைத்துச் சென்றபோதும் அவரால் தாமாக அதைக் காட்ட முடியவில்லை. இத்தனை பிழைகளும் விசாரணையின் போக்கில் ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்டன. திருத்தப்பட்ட வடிவம் தட்டச்சு செய்யப்பட்டு அவரிடம் கையொப்பம் பெறப்பட்டது. நடுவர் குழுவான ஜூரியின் முன் வந்தது அந்தத் திருத்திய படிதான். 1984இல் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1985இல் தண்டனை நிறைவேற்றப்பட வேண்டிய நாளுக்கு ஒன்பது நாள்கள் முன்பாகத்தான் அது நிறுத்திவைக்கப்பட்டது. மரபணுச் சோதனையின் விளைவாக 1994இல் ஆளுநர் தண்டனையை ஆயுள் சிறையாகக் குறைத்தார். மேலும் நுட்பமான சோதனைக்குப் பிறகு 2000ஆம் ஆண்டு முழு மன்னிப்பு கிடைத்தது. 2007இல் வேறொருவர் அந்தக் குற்றத்தை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

இந்த வழக்கில் அடிதடியைப் பற்றியோ பட்டினி போட்டதைப் பற்றியோ பேச்சு இல்லை. கேட்டார்கள், அவர் ஆமாம் என்றார். "அடிக்காமலே ஒருவன் செய்யாத கொலையை ஏன் ஒப்புக்கொள்வான்?" என்று நம்மில் பலர் இயல்பாகவே கேட்கிறோம், ஜூரிகளும் நீதிபதிகளும் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு உளவியல் தெளிவான பதிலை வைத்திருக்கிறது. ஐஸ்லாந்தில் காவல் துறையில் பணியாற்றிப் பின்னர் இங்கிலாந்தில் உளவியலாளராக விளங்கிய கீஸ்லி குட்யோன்சன் 1984இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார். அதன்படி ஒரு சிறு கதையை ஒருவருக்குப் படித்துக் காட்டுவார்கள். பிறகு 20 கேள்விகள் கேட்பார்கள். அவற்றுள் 15 கேள்விகள் கதையில் இல்லாத ஒன்றை இருந்ததுபோல் பொதிந்து வைத்துக் கேட்பவை. அதன் பிறகு, "பல இடங்களில் தவறு செய்துவிட்டீர்கள், மறுபடி கவனமாகச் சொல்லுங்கள்" என்று சற்றுக் கண்டிப்போடு சொல்லி அதே கேள்விகளைத் திரும்பக் கேட்பார்கள். முதல் சுற்றில் எத்தனை பொய்க் கேள்விகளுக்கு அவர் இணங்கிப்போனார், கண்டிப்புக்குப் பிறகு எத்தனை பதில்களை மாற்றிக்கொண்டார் என்ற இரண்டையும் தனித்தனியே கணக்கிடுவார்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் சராசரியாக இவ்விரண்டிலும் மற்றவர்களைவிட எளிதில் வளைந்து கொடுக்கிறார்கள். காவல் நிலைய விசாரணையின் அமைப்பும் இதுவேதான் என்பதைக் கவனியுங்கள்: விடையைப் பொதிந்து வைத்த கேள்வி, "பொய் சொல்லாதே" என்ற கண்டிப்பு, மீண்டும் அதே கேள்வி.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொன்று உண்டு. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களோடு பழகியவர்கள் இதை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். வாழ்நாள் முழுவதும் "உனக்கு ஒன்றும் தெரியாது" என்று கேட்டு வளர்ந்தவர், புரியாததைப் புரிந்ததுபோல் காட்டிக்கொள்வதில் தேர்ச்சி பெற்றுவிடுகிறார். தலையாட்டுவார், சிரிப்பார், கேட்பவர் எந்தப் பதிலை விரும்புகிறாரோ அதை அவருடைய முகத்திலிருந்து படித்துக்கொண்டு அதையே சொல்வார். அதிகாரம் உள்ளவரைத் திருப்திப்படுத்தினால் பாதுகாப்பு உண்டு என்பது அவர் பட்டறிந்த பாடம். இப்போதைய நெருக்கடியிலிருந்து விடுபடுவது அவருக்குக் கண்ணுக்குத் தெரிகிறது; ஓராண்டு கழித்து வரப்போகும் தீர்ப்பு தெரிவதில்லை. "சொல்லிவிட்டால் வீட்டுக்குப் போகலாம்" என்று யாரும் வாக்குறுதி தந்திருக்க வேண்டியதே இல்லை. அவராகவே அப்படி எண்ணிக்கொள்வார். ஆகவே, அச்சுறுத்தலோ ஆசை காட்டுதலோ இருந்ததா என்று தேடும் பழைய சட்டக் கண்ணாடிக்கு இவர் வளைந்த இடம் தெரியாமலே போய்விடுகிறது.

கடும் மனநோயின் வழி வேறு. அங்கே கேட்பவரைத் திருப்திப்படுத்தும் தேவை முதன்மையானதாக இருக்க வேண்டியதில்லை. ஆழ்ந்த மனச்சோர்வில் உள்ள ஒருவர் உலகில் நடந்த தீமைக்கெல்லாம் தாமே காரணம் என்று உண்மையாகவே நம்பலாம். காதில் ஒலிக்கும் குரல் ஒன்று குற்றத்தைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தலாம். கற்பனைக்கும் நினைவுக்கும் உள்ள எல்லை அழிந்திருக்கலாம். இங்கிலாந்தில் 1974இல் பேருந்துக் குண்டுவெடிப்பில் 12 பேர் இறந்த வழக்கில் தண்டிக்கப்பட்ட ஜூடித் வார்டு, தம்மைப் பற்றித் தாமே பல கதைகளைச் சொல்லிச் சிக்கிக்கொண்டவர். அரசுத் தரப்பு மறைத்த சான்றுகளோடு அவருடைய மனநிலை பற்றிய மருத்துவச் சான்றும் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் வந்து, தீர்ப்பு ரத்தாக 1992 வரை, ஏறத்தாழ 18 ஆண்டுகள் ஆயின.

இனி, சட்டங்கள் இதை எப்படி அணுகுகின்றன என்று பார்க்கலாம். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு 1986ஆம் ஆண்டின் கொலராடோ எதிர் கானலி வழக்கில் உறுதியானது. நாள்பட்ட மனச்சிதைவு நோய் உடைய பிரான்சிஸ் கானலி 1983இல் டென்வர் நகரின் தெருவில் நின்ற காவலர் ஒருவரிடம் தாமாகவே சென்று, தாம் ஒரு கொலை செய்துவிட்டதாகவும் அதைப் பற்றிப் பேச விரும்புவதாகவும் சொன்னார். அவருக்குரிய உரிமைகள் எடுத்துச் சொல்லப்பட்டன. மறுநாள்தான் அவர் தெளிவற்ற நிலையில் இருப்பது தெரிந்தது. பாஸ்டனிலிருந்து டென்வருக்குப் பறந்து போகும்படி கடவுளின் குரல் கட்டளையிட்டதாகவும், குற்றத்தை ஒப்புக்கொள் அல்லது தற்கொலை செய்துகொள் என்று அக்குரல் சொன்னதாகவும் அவர் கூறினார். கொலராடோ நீதிமன்றங்கள் அந்த வாக்குமூலத்தை விலக்கின. தலைமை நீதிபதி ரென்குயிஸ்ட் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்போ, காவலர்களின் வற்புறுத்தல் இல்லாத இடத்தில் வாக்குமூலம் தன்னார்வமற்றது என்று அரசியலமைப்பின் பெயரால் விலக்க முடியாது என்று முடிவு செய்தது. அது நம்பத்தக்கதா இல்லையா என்பதை மாநிலங்களின் சான்றுச் சட்டங்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒதுக்கியும் வைத்தது. நீதிபதி பிரென்னன் கடுமையாக மாறுபட்டார்.

இந்தத் தீர்ப்பை ஆதரிப்பவர்களின் வாதத்தில் ஓரளவு நியாயம் இருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. தவறு செய்யாத காவலரை எதற்காகத் தண்டிப்பது, ஒருவர் தாமாக வந்து சொன்னதைக் கேட்டுக்கொண்டது குற்றமா என்று அவர்கள் கேட்கிறார்கள். வாக்குமூலத்தை விலக்குவது காவலருக்குத் தரும் தண்டனை என்று கருதினால் அந்த வாதம் சரிதான். ஆனால் வாக்குமூலத்தை விலக்குவதற்கு இன்னொரு காரணம் உண்டு. எனக்கு அதுவே முதற்காரணம். பொய்யான சான்றின் அடிப்படையில் ஒரு மனிதரைச் சிறைக்கோ தூக்குக்கோ அனுப்பக் கூடாது. அந்தக் காரணத்துக்கும் காவலரின் நடத்தை நல்லதா கெட்டதா என்பதற்கும் தொடர்பே இல்லை. மிக நல்லெண்ணம் கொண்ட விசாரணை அதிகாரியும், தம்மை அறியாமலே விடையைக் கேள்விக்குள் வைத்துக் கேட்டு, அதே விடை திரும்பி வரும்போது உண்மை வெளிவந்துவிட்டது என்று மனப்பூர்வமாக நம்பக்கூடும். அதே அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2002இல், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மரண தண்டனை விதிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தபோது, அவர்கள் பொய்யாக ஒப்புக்கொள்ளும் அபாயத்தை ஒரு காரணமாகவே குறிப்பிட்டது. தண்டனைக் கட்டத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட அபாயம், சான்றை அனுமதிக்கும் கட்டத்தில் மட்டும் எப்படி இல்லாமல் போகும்?

இங்கிலாந்து வேறொரு பாதையில் சென்றது. அந்தப் பாதைக்கு விலை கொடுத்தவர்கள் மூன்று இளைஞர்கள். 1972ஆம் ஆண்டு ஏப்ரலில் லண்டனின் கேட்ஃபோர்டு பகுதியில் தீப்பிடித்த ஒரு வீட்டில் மேக்ஸ்வெல் கான்ஃபெய்ட் என்பவரின் உடல் கண்டெடுக்கப்பட்டது. 18, 15, 14 வயதுடைய மூவர் கைதானார்கள். 18 வயதுடையவரின் மன வளர்ச்சி எட்டு வயதுச் சிறுவனுக்கு உரியதாக மதிப்பிடப்பட்டது. வழக்கறிஞரோ பெற்றோரோ உடன் இல்லாமல் கேள்விகள் கேட்கப்பட்டன, மூவரும் ஒப்புக்கொண்டனர். மருத்துவச் சான்று முதலில் சுட்டிய மரண நேரத்தில் 18 வயதுடையவர் வேறிடத்தில் இருந்ததற்குச் சாட்சிகள் இருந்தார்கள். அப்படியானால் ஒப்புதலைச் சந்தேகித்திருக்க வேண்டும். ஆனால் தீயின் வெப்பம் உடலில் ஏற்படுத்திய மாற்றங்களால் மரண நேரக் கணிப்பு பிசகியிருக்கலாம் என்ற வாதத்தால் அந்த நேரம் பின்னுக்கு நீட்டப்பட்டது. வாக்குமூலம் அசையாமல் நின்றது, மருத்துவச் சான்று அதற்கு ஏற்ப வளைந்தது. ஒப்புதல் வாக்குமூலம் என்ற ஒன்று வழக்குக்குள் நுழைந்துவிட்டால் மற்ற எல்லாச் சான்றும் அதன் பக்கம் சாயத் தொடங்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. 1975இல் தீர்ப்புகள் ரத்தாயின. சர் ஹென்றி ஃபிஷர் நடத்திய விசாரணையின் அறிக்கை 1977இல் வெளிவந்து, விசாரணை விதிகள் மீறப்பட்டதைச் சுட்டிக்காட்டியது. எனினும் அந்த இளைஞர்களின் மேல் படிந்த நிழலை அவ்வறிக்கை முழுமையாக நீக்கவில்லை. 1980இல் அரசுத் தலைமை வழக்கறிஞர் நாடாளுமன்றத்தில் அறிவித்த பிறகே அவர்கள் நிரபராதிகள் என்பது ஐயமற நிலைபெற்றது.

இந்த வழக்கின் தொடர்ச்சியாக ஓர் அரச ஆணையம் அமைந்து, அதன் வழியே 1984ஆம் ஆண்டின் காவல் மற்றும் குற்றவியல் சான்றுச் சட்டம் பிறந்தது. 1986 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் 76ஆம் பிரிவு நான் பெரிதும் மதிக்கும் ஒரு ஏற்பாட்டைச் செய்தது. ஒடுக்குமுறையால் பெற்ற வாக்குமூலம் விலக்கப்படும் என்பது ஒரு பகுதி. அது எங்கும் உள்ளதுதான். மற்றொரு பகுதியோ, அன்றைய சூழ்நிலையில் வாக்குமூலத்தை நம்பத்தகாததாக்கிவிடக்கூடிய எதுவும் சொல்லப்பட்டோ செய்யப்பட்டோ இருந்தால், அதன் விளைவாக அந்த ஒப்புதல் வரவில்லை என்பதை அரசுத் தரப்பு ஐயத்துக்கு இடமின்றி நிறுவ வேண்டும், நிறுவாவிட்டால் அந்த வாக்குமூலம் ஒருவேளை உண்மையாகவே இருந்தாலும் விலக்கப்பட வேண்டும் என்கிறது. கெட்ட எண்ணம் இருந்ததா என்று அது கேட்கவில்லை. "அன்றைய சூழ்நிலை" என்பதில் சந்தேக நபரின் உண்மையான மனநிலையும் அடங்கும், காவலர்கள் அதை அறிந்திருந்தார்களா என்பது பொருட்டல்ல என்று 1988இல் எவரெட் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. சட்டத்தோடு இணைந்த நடைமுறை விதிகளின்படி, மனநலிவுற்றவரிடம் கேள்வி கேட்கும்போது காவல் துறையைச் சாராத ஒரு துணையாளர் உடன் இருக்க வேண்டும். அவர் வெறுமனே உட்கார்ந்திருக்க வந்தவரல்ல. கேள்விகள் நேர்மையாக இருக்கின்றனவா, கேட்கப்படுவது அந்த மனிதருக்குப் புரிகிறதா என்று கவனித்துத் தலையிட வேண்டியவர்.

ஆனாலும் இங்கிலாந்தின் ஏற்பாட்டில் ஓட்டைகள் உண்டு. வெளியிலிருந்து யாரேனும் சொன்னதோ செய்ததோ இருந்தால்தான் அந்தப் பிரிவு வேலை செய்யும்; முழுக்க முழுக்க உள்ளிருந்தே எழுந்த ஒப்புதலை அது தொடாது என்று 1988இல் கோல்டன்பர்க் வழக்கு வரையறுத்துவிட்டது. கானலியைப் போன்ற ஒருவர் லண்டன் தெருவில் நின்று பேசியிருந்தால் அவர் இந்தப் பிரிவின் நிழலுக்கு வெளியேதான் நின்றிருப்பார். நேர்மையற்ற சான்றை விலக்க நீதிபதிக்கு உள்ள பொதுவான அதிகாரமே அவருக்கு ஆதாரம். இந்த இடைவெளியை 1993இல் வெளியான மெக்கென்சி வழக்குத் தீர்ப்பு ஓரளவு அடைத்தது. அந்த வழக்கின் மனிதர் தாம் செய்திருக்கவே முடியாதவை என்று காவல் துறையே கருதிய கொலைகளையும் சேர்த்து ஒப்புக்கொண்டவர். அரசுத் தரப்பு வழக்கு முழுவதும் வாக்குமூலத்தையே நம்பியிருக்கிறது, குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கணிசமான அறிவுக் குறைபாடு இருக்கிறது, வாக்குமூலமும் நம்பத்தக்கதாக இல்லை என்ற மூன்றும் சேர்ந்தால் நீதிபதி வழக்கை ஜூரியிடம் விடாமல் தாமே முடித்துவிட வேண்டும் என்று அது சொன்னது. நல்ல விதி, ஆனால் கடைசி அரண். அதே 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் 77ஆம் பிரிவு, துணையாளர் இல்லாமல் பெற்ற ஒப்புதலை எச்சரிக்கையோடு அணுகும்படி ஜூரிக்கு நீதிபதி அறிவுறுத்த வேண்டும் என்கிறது. கொலைக்குற்றத்தை ஒப்புக்கொண்ட சொற்களைக் காதால் கேட்டுவிட்ட 12 பேரிடம் "கவனமாக இருங்கள்" என்று சொல்வது, சிந்திய பாலைப் பார்த்துப் பாத்திரத்தை நிமிர்த்துவது போன்றது.

நுண்ணறிவு ஈவு என்ற எண்ணுக்குக் கோடு கிழிப்பதும் ஆபத்து. 1985ஆம் ஆண்டு டாட்டன்ஹாம் கலவரத்தில் காவலர் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில் தண்டிக்கப்பட்ட எஞ்சின் ராகிப்புக்கு அந்த எண் ஏறத்தாழ 74. 69க்கு மேல் இருப்பவரைப் பற்றி உளவியலாளர் வந்து சொல்ல வேண்டியதில்லை, ஜூரி தாமே பார்த்து முடிவு செய்துகொள்ளும் என்ற எண்ணம் அன்றைய நீதிமன்றங்களில் நிலவியது. 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தன்னிச்சையான எல்லையை நிராகரித்து, எளிதில் வளைந்து கொடுக்கும் இயல்பு பற்றிய உளவியல் சான்றை ஏற்றுத் தீர்ப்பை ரத்து செய்தது. 69ஆக இருந்தால் பாதுகாப்பு, 74ஆக இருந்தால் இல்லை என்று சொல்ல எந்த அறிவியலும் துணை நிற்காது.

சட்டத்தில் எழுதிவைத்தால் மட்டும் போதாது என்பதற்குச் சாட்சியாக, 2025ஆம் ஆண்டு மே மாதம் பீட்டர் சல்லிவனின் தீர்ப்பு ரத்தானது. கற்றல் குறைபாடு உடைய அவர் 1986இல், அதாவது புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு, மெர்சிசைடு பகுதியில் நடந்த ஒரு கொலைக்காகக் கைதானவர். துணையாளர் இல்லாமல், தொடக்க விசாரணைகளில் வழக்கறிஞரும் இல்லாமல் அவர் கேள்விகளை எதிர்கொண்டார், ஒப்புக்கொண்டார், பின்னர் மறுத்தார். மரபணுச் சோதனை வேறொருவரைச் சுட்டிய பிறகு வெளியே வந்தபோது ஏறத்தாழ 38 ஆண்டுகள் சிறையில் கழிந்திருந்தன.

இப்போது, "அந்த வாக்குமூலத்தில் குற்றவாளிக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய விவரங்கள் இருக்கின்றனவே" என்ற வாதத்துக்கு வருகிறேன். நீதிமன்றங்களை இதைப்போல வசப்படுத்தும் வாதம் வேறில்லை. ஸ்காட்லாந்தில் எந்தக் குற்றத்துக்கும் இரண்டாவது சான்று ஒன்று கட்டாயம் என்ற சிறந்த மரபு இருக்கிறது. அங்கேயும் இத்தகைய உள்விவரங்கள் அடங்கிய ஒப்புதல் தனக்குத் தானே துணைச்சான்றாக நிற்க முடியும் என்று நீதிமன்றங்கள் வழிவிட்டிருக்கின்றன. ஏர்ல் வாஷிங்டனின் வழக்கிலும் அவரைச் சிக்கவைத்தது அப்படிப்பட்ட ஒரு விவரம்தான்: கொலை நடந்த வீட்டில் கிடைத்த ஒரு சட்டையைத் தம்முடையது என்று அவர் அடையாளம் சொன்னதாக அரசுத் தரப்பு கூறியது. பொதுவெளியில் இல்லாத விவரங்களை அவர் தாமாகவே சொன்னதாகப் பதிவு செய்தது புனைவு என்று 2006இல் ஓர் உரிமையியல் வழக்கின் ஜூரி கண்டறிந்து, அவருக்கு 22.5 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கத் தீர்மானித்தது. குற்றவாளிக்குத் தெரிந்த விவரம் விசாரணை அதிகாரிக்கும் தெரிந்திருக்கிறது. அது யாருடைய வாயிலிருந்து முதலில் வந்தது என்பதை முதல் நிமிடத்திலிருந்து கடைசி நிமிடம் வரை ஓடிய ஒலி-ஒளிப் பதிவு ஒன்றே காட்டும். இறுதியில் பத்து நிமிடம் அமைதியாக அமர்ந்து எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லும் காட்சியை மட்டும் பதிவு செய்து தருவது, பதிவே இல்லாததைவிடத் தீங்கானது. ஒத்திகை முடிந்த நாடகத்தை மட்டும் அது காட்டுகிறது.

அப்படியானால் மனநலிவுற்றவரின் ஒப்புதலை ஒட்டுமொத்தமாக விலக்கிவிடலாமே என்று கேட்டால், அதை நான் ஏற்க மாட்டேன். முதலாவதாக, அவர்களாலும் உண்மை சொல்ல முடியும், பெரும்பாலும் சொல்கிறார்கள். அவர்கள் வாயிலிருந்து வரும் எதையும் நீதிமன்றம் கேட்காது என்று ஒரு முறை எழுதிவிட்டால், அவர்களே பாதிக்கப்பட்டு நீதி கேட்டு வரும் நாளிலும் அதே கதவு அவர்கள் முகத்தில் அடைக்கப்படும். அறிவுசார் குறைபாடு உள்ள பெண்களும் குழந்தைகளும் வன்கொடுமைக்கு ஆளாகிச் சாட்சி சொல்ல வரும்போது "இவளுக்கு என்ன தெரியும்" என்று எதிர்த்தரப்பு கேட்பதை முறியடிக்கப் பல நாடுகளில் எத்தனை பாடுபட வேண்டியிருந்தது என்பதை மறக்கக் கூடாது. இரண்டாவதாக, கொல்லப்பட்டவருக்கும் அவர் குடும்பத்துக்கும் நீதி வேண்டும். சரியான துணையோடு, திறந்த கேள்விகளுக்கு ஒருவர் தம் சொற்களில் சொன்ன, வெளிச்சான்றோடு பொருந்தும் ஒப்புதலைக் குறைபாட்டின் பெயரால் மட்டும் எறிந்துவிடுவது அவர்களுக்குச் செய்யும் அநீதி. மூன்றாவதாக, அடையாளம் தெரிந்தவரை மட்டுமே அந்த விதி காக்கும்; குறையை மறைக்கப் பழகியவர், மருத்துவச் சான்றிதழ் எதுவும் இல்லாத ஏழை, அதற்கு வெளியேதான் நிற்பார்.

நான் முன்வைக்கும் விதி இதுதான். மனநலிவு பற்றிய ஐயம் நியாயமாக எழும் ஒவ்வொரு வழக்கிலும், வாக்குமூலத்தை அனுமதிக்கும் கட்டத்திலேயே நீதிபதி அதன் நம்பகத்தன்மையைத் தீர்மானிக்க வேண்டும்; "எடை போடுவதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடக் கூடாது. நம்பத்தக்கது என்று நிறுவும் சுமை அரசுத் தரப்பைச் சேர்ந்தது. விசாரணையின் தொடக்கம் முதல் முழுப்பதிவு இல்லையென்றாலும், வழக்கறிஞரும் சுயேச்சையான துணையாளரும் உடன் இல்லையென்றாலும் அந்த வாக்குமூலம் விலக்கப்பட வேண்டும். "ஆனாலும் அது உண்மைதானே" என்ற வாதத்துக்கு அங்கே இடமில்லை. தாமாக வந்து சொன்னவரின் சொற்களுக்கு, அவர் சொல்வதற்கு முன் காவல் துறை அறியாதிருந்த ஏதாவது ஒன்று பின்னர் மெய்யென்று தெரியவந்ததா என்பதே சோதனை. இவற்றையெல்லாம் கடந்து உள்ளே வந்த வாக்குமூலமும் தனியாக ஒருவரைத் தண்டிக்கப் போதாது. அதைச் சாராத வேறு சான்று ஒன்று வேண்டும். விசாரணைச் செலவு கூடும், சில குற்றவாளிகள் தப்பக்கூடும் என்பதை நான் அறிவேன். தவறானவர் உள்ளே போன ஒவ்வொரு வழக்கிலும் சரியானவர் வெளியே உலவிக்கொண்டிருந்தார் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இந்தியாவில் காவலரிடம் தந்த ஒப்புதல் செல்லாது என்ற 1872ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டத்தின் விதி, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சான்றுச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 23ஆம் பிரிவாகத் தொடர்கிறது. ஆகவே இந்தச் சிக்கல் நமக்கு இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அந்தப் பிரிவின் விதிவிலக்கு, பொருள் கைப்பற்ற வழிகாட்டிய பகுதியை மட்டும் உள்ளே விடுகிறது. கத்தி எங்கே இருக்கிறது என்று காட்டியவர் தாமே அறிந்து காட்டினாரா, காட்டச் சொன்ன இடத்தைக் காட்டினாரா என்பதை பொருளைக் கைப்பற்றியதற்குச் சாட்சிகளோடு எழுதப்படும் மகஜரில் உள்ள கையொப்பங்கள் சொல்வதில்லை. தமிழ்நாட்டுக் கொலை வழக்குகளில், குற்றம் சாட்டப்பட்டவர் தாமாகவே கிராம நிர்வாக அலுவலரைத் தேடிச் சென்று எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதாக வரும் கதையையும் நாம் அறிவோம். முன்பின் பழகாத அதிகாரியிடம் ஏன் போய் மனம் திறந்தார் என்று நீதிமன்றங்கள் கேட்டு அதை வலுவற்ற சான்றாகவே கருதுவது ஆறுதலான செய்தி. 2010இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒருவரின் சம்மதமின்றி உண்மை கண்டறியும் மருந்துச் சோதனை செய்யக் கூடாது என்று தடுத்தது. மருந்து செலுத்தாமலே வளையக்கூடிய மனம் பற்றிய கேள்வி அதில் எழவில்லை.

நீதித்துறை நடுவர் முன் தரும் வாக்குமூலம்தான் நம் நாட்டில் முழு எடையுடன் உள்ளே வரும் வழி. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 183ஆம் பிரிவின்படி, ஒப்புக்கொள்ளக் கட்டாயம் ஏதுமில்லை, சொன்னால் அது உங்களுக்கு எதிராகப் பயன்படும் என்று நடுவர் விளக்க வேண்டும். சிந்திக்க வழக்கமாகக் குறைந்தது 24 மணி நேரமாவது தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1957ஆம் ஆண்டிலேயே சர்வன் சிங் வழக்கில் சொல்லியிருக்கிறது. குறிப்பிட்ட சில குற்றங்களால் பாதிக்கப்பட்டவர் மாற்றுத்திறனாளியாக இருந்தால் சிறப்புக் கல்வியாளரின் உதவி பெற வேண்டும் என்று அதே பிரிவு வெளிப்படையாக விதிக்கிறது. ஒப்புதல் தரும் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அத்தகைய வெளிப்படையான ஏற்பாடு அதில் இல்லை. நாடாளுமன்றம் அதைச் சேர்க்கும் வரை காத்திருக்காமல், நடுவர் ஒருவர் நாளைக் காலையிலேயே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. "நான் சொன்னது புரிந்ததா?" என்று கேட்டு, "புரிஞ்சுதுங்க ஐயா" என்ற பதிலை எழுதிக்கொள்வதை விட்டுவிட்டு, "நான் இப்போது என்ன சொன்னேன், உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் என்ன நடக்கும்?" என்று கேட்டு, வரும் பதிலை அவர் பேசிய பேச்சிலேயே ஓர் எழுத்தும் திருத்தாமல் பதிவு செய்யலாம்.